கொழும்பில் ஓர் அட்மிரல், லயத்தில் ஒரு கொத்து அரிசி

ஊவா மலையகம்: ஒரு வரலாறு – 17

பலாங்கொடையிலிருந்து பதுளைக்குப் போகும் பெருந்தெருவில் ஹல்துமுல்லையைக் கடப்பவர்கள் ஒரு தடவையாவது வலப்பக்கம் பார்க்காமல் போவதில்லை. மலை அங்கே சட்டென்று முடிகிறது. தென்னிலங்கைச் சமவெளி காலடியில் விரிகிறது. வானம் தெளிந்த நாட்களில் அதன் அந்தத்தில் கடலும் ஒரு கோடாகத் தெரியும் என்பார்கள். போர்த்துக்கேயர் காலத்துக் கோட்டை ஒன்றின் இடிபாடு இங்கே கிடப்பதில் வியப்பில்லை. கீழேயிருந்து ஊவாவுக்குள் ஏறி வருகிறவர்களைக் கண்காணிக்க இதைவிடத் தோதான இடம் கிடைக்காது.

1942 ஏப்ரலில் அந்தக் கடலில், கண்ணுக்கு எட்டாத தொலைவில், ஐந்து ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் வந்து நின்றன. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் அவற்றைக் காணவில்லை. அவர்கள் தலையில் குண்டும் விழவில்லை. ஆனால் போர் அவர்களுடைய அடுப்படிக்கு வந்து சேர்ந்தது. உண்ணும் உணவை மாற்றியது, வேலைநிறுத்தம் செய்யும் உரிமையைப் பறித்தது, அடுத்த பத்தாண்டு அரசியலுக்கும் வழி போட்டது. அந்த நாட்களில் இலங்கையில் எல்லாருக்கும் மேலே அமர்ந்து ஆணையிட்டவர் ஓர் ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி. பெயர் சேர் ஜெஃப்ரி லேய்ட்டன்.

சென்ற இதழில் 1940 மே மாதத்து பதுளை வேவெஸ்ஸ தோட்டப் போராட்டத்தைப் பார்த்தோம். தடையை மீறிச் சமசமாஜக் கட்சியின் என். எம். பெரேரா பதுளையில் பேசியதையும், அடுத்த மாதமே சமசமாஜத் தலைவர்கள் சிறைக்குப் போனதையும் சொன்னோம். அவர்கள் சிறையில் இருக்கும்போதுதான் லேய்ட்டன் இங்கே வந்து இறங்கினார். அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்தால்தான் அவர் நடத்திய ஆட்சியும் விளங்கும்.

நீர்மூழ்கியில் வளர்ந்தவர்

லேய்ட்டன் 1884 இல் லிவர்பூலில் ஒரு வழக்கறிஞர் குடும்பத்தில் பிறந்தவர். பதினைந்து வயதில் கடற்படைப் பயிற்சிக்குப் போய்விட்டார். அப்போது நீர்மூழ்கிக் கப்பல் என்பது புதுச் சரக்கு. மூத்த அதிகாரிகள் பலர் அதை மதிக்கவில்லை. துணிச்சலும் பிடிவாதமும் உள்ள இளைஞர்களே அதை நாடினார்கள். லேய்ட்டன் அவர்களில் ஒருவர்.

முதல் உலகப் போரில், 1915 ஆகஸ்டில், ஈ-13 என்ற நீர்மூழ்கியுடன் அவரைப் பால்டிக் கடலுக்கு அனுப்பினார்கள். டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் இடையிலுள்ள குறுகிய நீரிணையில் இரவோடிரவாக நுழைந்துவிட வேண்டும் என்பது திட்டம். வழியில் திசைகாட்டி பழுதாகி, ஆகஸ்ட் 18 இரவு, சால்ட்ஹோம் தீவருகே கப்பல் மணல்திட்டில் ஏறிவிட்டது. விடிந்தபோது அது டென்மார்க்கின் நடுநிலைக் கடலில் அசைய முடியாமல் கிடந்தது. நடுநிலை நாட்டுக் கடலில் யாரும் யாரையும் சுடக்கூடாது என்பது சட்டம். ஆனால் காலையில் வந்த ஜெர்மானியப் படகுகள் அந்தச் சட்டத்தைப் பொருட்படுத்தவில்லை. கிட்ட வந்து சுட்டன. கப்பலை விட்டுத் தண்ணீரில் குதித்தவர்கள்மீதும் சூடு விழுந்தது. ஒரு டேனியப் படகு இரு தரப்புக்கும் நடுவே வந்து குறுக்கே நின்ற பிறகே சூடு ஓய்ந்தது. லேய்ட்டனின் ஆட்களில் 15 பேர் மாண்டார்கள். உயிர் தப்பியவர்களை டென்மார்க் காவலில் வைத்தது. லேய்ட்டன் அங்கே போர் முடியும்வரை உட்கார்ந்திருக்கவில்லை. காவலிலிருந்து தப்பி இங்கிலாந்துக்குத் திரும்பினார்.

அவர் வாழ்வில் கடல் இன்னொரு கொடிய இரவையும் வைத்திருந்தது. 1918 ஜனவரி 31 அன்று ஸ்கொட்லாந்தின் ஃபோர்த் நதிமுகத்திலிருந்து பெரும் கப்பல் தொகுதி ஒன்று இருட்டில் புறப்பட்டது. நீராவியில் ஓடும் கே வகை நீர்மூழ்கிகளும் அதில் இருந்தன. மே தீவருகே ஒன்றோடொன்று மோதத் தொடங்கின. எதிரி ஒருவன்கூட அருகில் இல்லாமல், ஒன்றரை மணி நேரத்துக்குள் இரண்டு நீர்மூழ்கிகள் தாண்டன. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். லேய்ட்டன் நடத்திய கே-6 மோதியதில் கே-4 தன் ஆட்கள் அனைவரோடும் மூழ்கியது. தன் படையின் கையாலேயே தன் படை அழிவதை அவர் கண்ணெதிரே கண்டார். குழப்பத்தையும் மந்தத்தையும் கண்டால் பிற்காலத்தில் அவருக்கு வந்த கோபத்தை இந்த இரவோடு சேர்த்துப் பார்ப்பது தவறாகாது.

சிங்கப்பூரிலிருந்து கொழும்புக்கு

இரு போர்களுக்கும் இடையில் அவர் படிப்படியாக மேலே வந்தார். 1940 இல் நோர்வேயிலிருந்து துருப்புகளை மீட்ட கப்பல்களுக்குத் தலைமை தாங்கினார். அதே ஆண்டு சீனக் கடல் நிலையத்தின் தளபதியாகச் சிங்கப்பூர் சென்றார். 1941 டிசம்பரில் பொறுப்பை அட்மிரல் டொம் ஃபிலிப்ஸிடம் கொடுத்துவிட்டுத் தாயகம் திரும்ப ஆயத்தமானார். டிசம்பர் 10 அன்று மலாயாவின் கிழக்குக் கரைக்கு அப்பால் ‘பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ என்ற இரு பெரும் போர்க்கப்பல்களையும் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. 840 பேர் மாண்டார்கள். ஃபிலிப்ஸும் போனார். பயணம் புறப்பட இருந்த லேய்ட்டன் மறுபடி கரைக்கு வந்து பொறுப்பைத் தலையில் சுமந்தார்.

ஜனவரியில் தலைமையகத்தைச் சிங்கப்பூரிலிருந்து மாற்றினார். போகும்போது அவர் அனுப்பிய செய்தி பின்னால் விடப்பட்டவர்களின் மனத்தைப் புண்படுத்தியது. பிப்ரவரி 15 இல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8 இல் ரங்கூன் விழுந்தது. இலங்கைக்கும் ஜப்பானுக்கும் இடையில் அப்போது வங்கக் கடல் மட்டுமே இருந்தது.

மார்ச் 5 அன்று இலண்டன் அவரை இலங்கையின் பிரதம தளபதியாக நியமித்தது. முப்படைகள் மட்டுமல்ல, சிவில் நிர்வாகமும் அவருக்குக் கீழே வந்தது. ஆளுநர் சேர் அன்ட்ரூ கல்டிகொட் கூட அவருடைய பணிப்புக்கு உட்பட்டவரானார். டொனமூர் யாப்பின் கீழ் சர்வசன வாக்கோடு இயங்கிவந்த அரசாங்க சபை கலைக்கப்படவில்லை. அமைச்சர்களும் பதவியில் தொடர்ந்தார்கள். யுத்த சபை ஒன்று கூடியது. டி. எஸ். சேனநாயக்க போன்ற அமைச்சர்களும், சிவில் பாதுகாப்பு ஆணையாளராக இருந்த ஒலிவர் குணதிலக்கவும் லேய்ட்டனோடு ஒரே மேசையில் அமர்ந்தார்கள்.

லேய்ட்டனின் வாய் கடுமையானது. குணதிலக்கவின் நிறத்தைச் சொல்லி அவர் வசைபாடிய சம்பவம் அக்கால அரசியல் நூல்களில் பதிவாகியிருக்கிறது. அது மன்னிக்கத்தக்கதல்ல. அதே லேய்ட்டன் வேலை தெரிந்தவர்களுக்கு வழிவிட்டார் என்பதும், குணதிலக்கவின் நிர்வாகத் திறமையை நம்பிப் பெரும் பொறுப்புகளை அவர் கையில் விட்டார் என்பதும் உண்மை. அந்தக் குணதிலக்கதான் 1954 இல் இலங்கையரான முதல் மகாதேசாதிபதி ஆனார்.

ஈஸ்டர் ஞாயிறு

லேய்ட்டன் கையில் எடுத்த முதல் வேலை வான் பாதுகாப்பு. கொழும்புக் குதிரைப் பந்தயத் திடல் சில வாரங்களில் விமான ஓடுபாதை ஆனது. ஏப்ரல் 4 அன்று கொக்கலையிலிருந்து பறந்த கட்டலினா விமானத்தின் கனேடிய விமானி பேர்ச்சல் ஜப்பானியக் கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பினார். அவரைச் சுட்டு வீழ்த்திவிட்டார்கள். செய்தி வந்ததும் கொழும்புத் துறைமுகத்திலிருந்த கப்பல்களில் பெரும்பாலானவை கடலுக்குள் கலைந்து சென்றன. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு காலை விமானங்கள் வந்தன. துறைமுகத்தில் ‘ஹெக்டர்’, ‘டெனடோஸ்’ என்ற கப்பல்கள் மூழ்கின. அங்கொடை மனநோய் மருத்துவமனையிலும் குண்டு விழுந்தது. அன்றே தெற்கில், கடல் நடுவே, ‘டோர்செட்ஷயர்’, ‘கோர்ன்வோல்’ என்ற இரு க்ரூசர் கப்பல்கள் 424 பேரோடு போயின. ஏப்ரல் 9 இல் திருகோணமலை தாக்கப்பட்டது. விமானந்தாங்கிக் கப்பலான ‘ஹேர்மிஸ்’ மட்டக்களப்புக் கடலில் தாண்டது.

ஜப்பானியக் கப்பல்கள் அத்தோடு திரும்பிப்போயின. ஆனால் அடுத்து எந்த நாளும் தரையிறங்குவார்கள் என்ற அச்சம் தங்கிவிட்டது. கொழும்பிலிருந்து ஜனங்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறினார்கள். துறைமுகத்திலும் நகரசபையிலும் வேலை செய்த இந்தியத் தொழிலாளர் பலர் தலைமன்னார் கப்பலை நோக்கி ஓடினார்கள். கடைகள் பூட்டின. சாமான் இறக்க ஆளில்லாமல் துறைமுகம் தடுமாறியது.

இன்னொரு கூட்டம் மலைக்கு ஏறியது. மவுண்ட் லவினியா தோமையர் கல்லூரியின் ஒரு பகுதி 1942 இல் ஊவாவின் குருத்தலாவைக்கு வந்தது. கொழும்பு ரோயல் கல்லூரியின் ஒரு பகுதியும் விசாகா வித்தியாலயமும் பண்டாரவளைக்கு வந்தன. தலைநகரத்துப் பிள்ளைகள் தோட்டங்களின் நடுவே பள்ளிக்கூடம் போனார்கள். ஒரு வேலிக்கு அப்பால், லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளின் பிள்ளைகள் கொழுந்துக் கூடையோடு நின்றார்கள். குண்டுக்குப் பயந்து வந்த பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் வகுப்பறை கிடைத்தது. மலையிலேயே பிறந்த பிள்ளைகளில் எண்ணற்றோருக்கு ஓர் ஒழுங்கான வகுப்பறை கிடைக்க இன்னும் பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

தியத்தலாவையோ கடற்படைக்குப் பழகிய ஊர். அங்கே அடைபட்டிருந்த போவர் போர்க்கைதிகளின் காலத்தை இத்தொடரின் ஆரம்பத்தில் பார்த்தோம். அதன் பிறகு ‘ஃபொக்ஸ்’ என்ற போர்க்கப்பலின் மாலுமிகள் அங்குள்ள குன்றொன்றில் நரியின் உருவத்தைக் கற்களால் பதித்தார்கள். அந்தக் குன்றுக்கு இன்றும் அதே பெயர். இரண்டாம் போரின் தொடக்கத்தில் ஜெர்மானியர்களை அங்கே தடுத்துவைத்தார்கள். ஞானதிலோக தேரர் போன்ற ஜெர்மானியப் பிக்குகளும் அவர்களில் இருந்தார்கள். பின்னர் அவர்களை இந்தியாவிலுள்ள டேராடூனுக்கு மாற்றினார்கள். கீழே கடலின் புழுக்கத்திலும் சண்டையிலும் களைத்த மாலுமிகள் மேலே வந்து இளைப்பாறும் இடமாகத் தியத்தலாவை இருந்தது. ஹப்புத்தளைக்கு அப்பால் அவர்கள் ஏறிவந்த ரயில் பாதையின் இரு பக்கமும் தேயிலை. அந்தத் தேயிலையில் வேலை செய்தவர்களுடைய வயிற்றுப்பாடு அப்போது எப்படி இருந்தது?

அரிசி போடும் நாள்

தோட்டத்துச் சம்பளமும் அரிசியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தவை. 1929 இல் சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம் வந்தபோது மலைநாட்டில் ஆணுக்கு ஒரு நாளுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். தோட்டம் கொடுக்கும் அரிசிக்கும் புசல் ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு. அரிசி விலை இறங்கிய முப்பதுகளில் சம்பளத்தையும் இறக்கினார்கள். தொழிலாளியின் உழைப்பை அரிசியால் அளந்த ஏற்பாடு அது.

அந்த அரிசியின் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. ரங்கூன் போனதும் அரிசிக் கப்பல்கள் நின்றன. இந்தியாவே உணவுக்குத் திண்டாடிக்கொண்டிருந்தது. 1943 இல் வங்காளத்தில் இலட்சக்கணக்கானோர் பட்டினியால் மடிந்தார்கள். இலங்கையில் அப்படி ஒன்று நடக்கவில்லை. பங்கீட்டு முறை நாடு முழுவதும் கொண்டுவரப்பட்டதும், கூட்டுறவுக் கடைகள் ஊர் ஊராகத் திறக்கப்பட்டதும், அரசு விவசாயிகளிடமிருந்து நெல் வாங்கத் தொடங்கியதும் அதற்குக் காரணங்கள். திட்டங்களைப் போட்டவர்கள் அமைச்சர்களும் குணதிலக்கவும் சிவில் அதிகாரிகளும்தான். ஆனால் கப்பல் இடம் வேண்டும் என்று இலண்டனோடு மல்லுக்கட்ட ஓர் அட்மிரலின் குரல் தேவைப்பட்டது. தீவு பட்டினி கிடந்தால் தளமும் நிற்காது என்பது லேய்ட்டனுக்குத் தெரிந்திருந்தது.

லயத்தில் இது எப்படி வந்து சேர்ந்தது என்று பார்ப்போம். அரிசி போடும் நாளில் பெண்கள் சாக்கோடு ஸ்டோர் வாசலில் வரிசையில் நிற்பார்கள். முன்பு கணக்கப்பிள்ளை செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டைப் பார்த்து அளந்து போட்டார். இப்போது கூப்பனும் சேர்ந்துகொண்டது. வீட்டில் எத்தனை தலை, அதில் எத்தனை சின்னப் பிள்ளை என்ற கணக்கில் அரிசி அளந்தார்கள். பானைக்குப் போதாத மிச்சத்துக்குக் கோதுமை மா. சில காலம் பஜிரி என்று சனங்கள் முகம் சுளித்த கம்பும் வந்தது. காலையில் பிரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்குப் போகுமுன் பழைய சோறு குடித்துப் பழகியவர்கள், மாவைத் தேங்காய்ப்பூவோடு பிசைந்து, தகரத்திலோ ஓட்டிலோ தட்டிச் சுட்டு, சம்பலோடு தின்றுவிட்டு மலைக்கு ஏறக் கற்றுக்கொண்டார்கள். மடியில் கட்டிக்கொண்டு போகவும் அது தோதுப்பட்டது. போர் முடிந்தது, ரொட்டி நிலைத்துவிட்டது. இன்றும் ஹல்துமுல்லைத் தோட்டங்களில் காலைச் சாப்பாடு என்றால் ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும்தான்.

அரிசியை மலிவு விலையில் மக்களுக்குக் கொடுப்பது அரசின் கடமை என்ற எண்ணமும் இந்தக் கூப்பன் காலத்தில் வேரூன்றியது. அந்த மானியத்தில் கைவைத்தபோது 1953 ஆகஸ்ட் ஹர்த்தாலில் நாடே எழுந்தது என்றால், அந்த வேர் எவ்வளவு ஆழம் போயிருந்தது என்று பார்த்துக்கொள்ளலாம்.

நிறுத்தக்கூடாத வேலை

மலாயாவும் ஜாவாவும் போனபின் நேச நாடுகளுக்கு இயற்கை ரப்பர் தரக்கூடிய பெரிய இடமாக எஞ்சியது இலங்கை. மரம் செத்தாலும் பரவாயில்லை, பாலை முழுக்க உறிஞ்சு என்ற கட்டளை 1942 இல் வந்தது. ஹல்துமுல்லைக்குக் கீழே இரத்தினபுரிப் பக்கத்திலும் கேகாலை, களுத்துறைப் பக்கங்களிலும் ரப்பர் மரங்களைப் பட்டை மீதி வைக்காமல் வெட்டிப் பால் எடுத்தார்கள். மேலே தேயிலையை மொத்தமாகப் பிரித்தானிய உணவு அமைச்சு வாங்கியது. குண்டு விழும் இலண்டனிலும் படைவீரனின் குவளையிலும் தேத்தண்ணி நிற்கக்கூடாது என்பது அவர்களுடைய போர்க் கொள்கை.

அதனால் தோட்ட வேலை அத்தியாவசிய சேவை ஆனது. 1942 இல் வந்த ஆணைகள் வேலைநிறுத்தத்துக்குக் கடிவாளம் போட்டன. முல்லோயாத் தோட்டத்திலும் வேவெஸ்ஸவிலும் தலைநிமிர்ந்த தொழிலாளர் இயக்கம் இரண்டே ஆண்டில் சட்டத்தின் கையால் அமுக்கப்பட்டது. சமசமாஜக் கட்சி தடைசெய்யப்பட்டது. அதன் தலைவர்கள் அடைபட்டிருந்த கண்டி போகம்பரைச் சிறையிலிருந்து, குண்டு விழுந்து இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 7 இரவு, என். எம். பெரேராவும் பிலிப் குணவர்தனவும் கொல்வின் ஆர். டி சில்வாவும் எட்மண்ட் சமரக்கொடியும் தப்பினார்கள். பிறகு அவர்களில் சிலர் இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். தோட்டத்துக்குள் அவர்களுடைய குரல் நின்றது. போருக்கு ஆதரவளிக்கும் சங்கங்களுக்கே இடம் இருந்தது.

கீழ்ப்படியாமை எதிலும் லேய்ட்டன் காலத்து நிர்வாகம் இரங்கவில்லை. 1942 மே மாதம் கொக்கோஸ் தீவில் கிளர்ச்சி செய்த இலங்கைப் பீரங்கிப் படையினரில் கிரேஷன் பெர்னாண்டோ உட்பட மூவர் ஆகஸ்டில் தூக்கிலிடப்பட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் கலகக் குற்றத்துக்காக உயிர் பறிக்கப்பட்ட பொதுநலவாயப் படைவீரர்கள் இந்த மூவர் மட்டுமே.

யாருக்குக் கிடைத்தது பலன்

போருக்குக் கொடுத்த ஒத்துழைப்புக்கு அமைச்சர்கள் விலை கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. கல்டிகொட் அதை ஆதரித்து இலண்டனுக்கு எழுதினார். லேய்ட்டனும் பக்கபலமாக நின்றார். தீவு அமைதியாக இருந்தால்தான் தளம் பத்திரமாக இருக்கும் என்று அவர் கணக்குப் போட்டிருப்பார். 1943 மே மாதம் பிரித்தானியா உள்நாட்டுச் சுயாட்சி பற்றிய பிரகடனத்தை வெளியிட்டது. 1944 இறுதியில் யாப்புச் சீர்திருத்தத்தை ஆராயச் சோல்பரி ஆணைக்குழு வந்தது. 1948 பிப்ரவரி 4 இல் சுதந்திரமும் வந்தது.

லேய்ட்டன் 1945 தொடக்கத்தில் இலங்கையை விட்டுப் போனார். போர்ட்ஸ்மவுத்தின் தளபதியாக இருந்து 1947 இல் ஓய்வு பெற்று, 1964 இல் எண்பது வயதில் காலமானார். ஆபத்து வேளையில் ஒரு தீவைப் பட்டினியிலிருந்தும் பீதியிலிருந்தும் காக்க உதவியவர் என்ற பெயரை அவரிடமிருந்து எடுக்க முடியாது. அவருடைய நாவும் அவர் காலத்து ஒடுக்குமுறையும் அதே கணக்கில் எழுதப்பட வேண்டியவை.

ஆனால் இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமானது வேறொன்று. போர்க்காலத்தில் தேயிலையும் ரப்பரும் விற்றதில் இலங்கையின் பெயரில் இலண்டனில் பெரும் தொகை சேர்ந்திருந்தது. அந்தச் சேமிப்பின் பலத்தில்தான் சுதந்திர இலங்கை தன் முதல் ஆண்டுகளில் காலூன்றி நின்றது. அந்தப் பணத்தை உழைத்துச் சேர்த்தவர்கள் லயத்து ஜனங்கள். அரிசியைக் குறைத்துக்கொண்டார்கள். வேலைநிறுத்த உரிமையை இழந்தார்கள். ஊவாவின் பனியிலும் மழையிலும் கொழுந்தைக் குறைக்காமல் நிறுத்துக் கொடுத்தார்கள். யுத்த சபையில் அவர்களுக்கு ஆசனம் இருக்கவில்லை. அரசாங்க சபையில் அவர்களுக்காகப் பேசக் கோ. நடேசய்யர் போன்ற ஓரிருவரே இருந்தார்கள்.

ஒத்துழைப்புக்குப் பரிசு என்று வந்த சுதந்திரம் அவர்களுக்கு என்ன தந்தது? 1947 தேர்தலில் அவர்களுடைய வாக்கு இலங்கை இந்தியக் காங்கிரஸின் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டு, 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1949 இல் வாக்குரிமையும் போனது. இந்தச் சட்டங்களுக்குக் கை உயர்த்தியவர்களில், யுத்த சபை மேசையில் அமர்ந்து அந்தத் தொழிலாளரின் உழைப்பைக் கணக்கிட்டுப் பார்த்தவர்களும் இருந்தார்கள். தேவைப்பட்டபோது அத்தியாவசியம் என்றார்கள். தேவை முடிந்ததும் அந்நியர் என்றார்கள். போர்க்கால இலங்கையைப் பற்றி எழுதும் புத்தகங்கள் அட்மிரல்களுக்கும் விமானிகளுக்கும் அத்தியாயம் அத்தியாயமாக ஒதுக்குகின்றன. அந்தப் போரைத் தாங்கியவர்களின் பெயர்ப் பட்டியலில் ஊவாத் தோட்டத் தொழிலாளருக்கும் முன்வரிசையில் இடம் உண்டு. அதை எழுதிவைக்கத்தான் இந்தத் தொடர்.

அடுத்த இதழில்: 1947 தேர்தலில் ஊவாத் தோட்டங்கள் வாக்களித்த விதமும், அந்த வாக்கு பறிபோன கதையும்.